சுட்ட கோழிக்கு எந்த சாஸ்

அவர் கை நீட்டி எதையும் எடுத்து நான் பார்த்ததில்லை. தட்டில் வைத்தால் சாப்பிடுவார். சட்டையை மடித்துக் கட்டிலில் வைத்தால் போடுவார். இரண்டு சட்டை வைத்துவிட்டால் இரண்டையும் பார்ப்பார், ஜன்னலைப் பார்ப்பார், பிறகு அக்காவைப் பார்த்து, "உன் இஷ்டம்" என்பார். அக்கா ஒன்றை எடுத்துக் கொடுப்பாள். அதைப் போட்டுக்கொண்டு வாசல்வரை போய்த் திரும்பி நின்று, "அந்த நீலத்தையே குடுத்திருக்கலாம்" என்பார். அவ்வளவுதான். குரல் ஏறாது. முகம் மாறாது. வெள்ளைக் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போய்விடுவார். அக்கா கையில் அந்த நீலச் சட்டை மட்டும் மிஞ்சி இருக்கும், ஏதோ குற்றத்தின் சாட்சி மாதிரி.

என் அக்காவின் கணவர். எங்கள் பக்கம் அக்கா புருஷனை மாமா என்று கூப்பிடுவோம். நானும் மூன்று வருஷம் அவரை அப்படிக் கூப்பிட்டுக்கொண்டு அவர் வீட்டில் இருந்தேன். திருவண்ணாமலையில் எனக்குக் கல்லூரி. கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போக அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "அக்கா வூட்ல இருந்து படிக்கறதுனா படி, இல்லனா மல்லாட்டை ஆய வா" என்றார். செடி செடியாக நிலக்கடலை ஆய்ந்து நகக்கண் வெடித்த கை எனக்கு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

குடி இல்லை, சீட்டு இல்லை, கை ஓங்கியது இல்லை. தேரடி வீதிக்குப் பின்னாலிருந்த அந்தச் சந்தில் வேறு எந்த வீட்டிலிருந்தும் எப்போதாவது ஒரு சத்தம் வரும், ஒரு பாத்திரம் பறக்கும். எங்கள் வீட்டில் எதுவும் பறந்ததில்லை. குழாயடியில் பெண்கள் அக்காவிடம், "நீ குடுத்து வெச்சவடி. எல்லாத்துக்கும் உன்ன கேட்டுத்தான் செய்றாராமே" என்பார்கள். அக்கா குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு சிரிப்பாள். அந்தச் சிரிப்பை இன்றுவரை எந்த வார்த்தைக்குள்ளும் என்னால் வைக்க முடியவில்லை.

கோழி விவகாரம் அவர் பெங்களூர் போய் வந்ததில் தொடங்கியது. ஆபீசில் பத்து நாள் பயிற்சிக்கு அனுப்பினார்கள். எண்பத்தொன்றாம் வருஷம் என்று நினைக்கிறேன். வந்து பையை வைத்ததும் வைக்காததுமாகச் சொன்னார்.

"அங்க ஒரு ஓட்டல்ல, புல்தரையில, கோழிய அப்படியே கம்பி மேல போட்டுக் கரியில சுடறான். சுட்டுட்டு மேல ஒரு சாஸ் ஊத்தறான் பாரு..."

அவர் கண் மூடியதை அன்றுதான் பார்த்தேன். அக்காவுக்கு ஆசையாகிவிட்டது. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவர் எதையும் பிடித்தது என்று சொன்னதில்லை.

"எப்பிடி இருந்துச்சுங்க? இனிப்பா, காரமா?"

"அது வேற மாதிரி."

"புளிப்பா?"

"வேற மாதிரிம்மா."

மறுநாள் ஆபீஸ் விட்டு வரும் வழியில் மாமா பட்டறைக்காரரிடம் போய், கம்பித் தட்டு ஒன்று வேண்டும், "உங்களுக்குத் தெரியாததா, பாத்துப் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். தட்டு வந்தது. கம்பிக்கும் கம்பிக்கும் நடுவில் சந்து ஜாஸ்தி என்றார். திருப்பி அனுப்பவில்லை. அந்தச் சந்து வழியாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு துண்டு கரியில் விழும். விழும்போதெல்லாம் பட்டறைக்காரரின் பெயரை மெதுவாக ஒருமுறை சொல்லுவார்.

சாஸ் வாங்கும் வேலை அக்காவுக்கு. துணைக்கு நான்.

இப்போது மாதிரி நாமே அலமாரியிலிருந்து எடுத்து, எழுதியிருப்பதைப் படித்து, திருப்பி வைக்கிற கடைகள் அப்போது கிடையாது. பாட்டில்கள் கடைக்காரர் தலைக்கு மேலே, ஏணி போட்டு ஏறுகிற உயரத்தில் இருக்கும். நாம் கேட்க வேண்டும். எதற்கு என்று அவர் கேட்பார். சொன்னால்தான் இறங்கும். தேரடி வீதிக் கடை. நெற்றி நிறைய விபூதி பூசிய கடைக்காரர். எதிரே கோபுரம், பின்னால் மலை.

"இன்னாம்மா வேணும்?"

"சாஸு ஒண்ணு வேணுண்ணே."

"எதுக்கு?"

பக்கத்தில் ஒரு மாமி பூஜைக்குக் கற்பூரம் வாங்கிக்கொண்டிருந்தாள். தேர் ஓடுகிற தெருவில் நின்றுகொண்டு கோழி என்கிற சொல்லை எப்படி எடுப்பது? எங்கள் ஊர்ப் பெண்கள் யாரும் எடுக்க மாட்டார்கள். சாப்பிடுவோம், ஆனால் அந்தத் தெருவில் சொல்ல மாட்டோம். அக்கா முந்தானை நுனியை விரலில் சுற்றினாள்.

"பிரெட்டுக்குண்ணே."

பிரெட்டுக்கு என்றால் தக்காளி சாஸ்தானே கொடுப்பார்? துணியால் தூசி தட்டிக் கொடுத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா சுண்டுவிரல் நுனியில் ஒரு சொட்டுத் தொட்டு நாக்கில் வைத்தார். மலையைப் பார்த்தார். மலை ஏதோ பதில் சொல்லப்போகிறது மாதிரி கொஞ்ச நேரம் காத்திருந்தார்.

"இது பசங்க பிரெட்டுக்குத் தொட்டுக்கறது."

எனக்குச் சிரிப்பு பீறிட்டது. "ஏம்மா சிரிக்கற?" என்று என்னிடம் மிக மரியாதையாகக் கேட்டார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அக்கா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த முறை, "காரமா ஒண்ணு, பஜ்ஜிக்கு" என்று கேட்டாள். மிளகாய் சாஸ் இறங்கியது. "நல்லா இருக்கு, சளி புடிச்சா குடிக்கலாம்" என்றார் மாமா. மூன்றாம் முறை அக்கா, "அடைக்கு" என்று ஆரம்பித்ததும் கடைக்காரர் ஏணியில் பாதி ஏறியவர் இறங்கிவிட்டார்.

"தங்கச்சி, உங்க வூட்ல அடைக்கு யாரு சாஸு ஊத்தறாங்க?" கல்லாமேல் குனிந்து குரலைத் தணித்தார். "கோழிக்கா?"

அக்கா தலையாட்டினாள்.

"மொதல்லியே சொல்றதுக்கு இன்னா? நான் மட்டும் வாரம் பூரா சாம்பாரா சாப்பிடறேன்?"

கறுப்பாக ஒரு பாட்டிலைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். சீனாக்காரர்கள் கோழிக்கு இதைத்தான் ஊற்றுவார்களாம். வழியெல்லாம் அக்கா அதை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தாள். மாமா பாட்டிலை வெயிலுக்கு நேராக வைக்கச் சொன்னார். அக்கா வைத்தாள். ஒளி அதற்குள் போகவில்லை.

"மை மாதிரி இருக்கு. ஃபைல்ல கையெழுத்துப் போடலாம்."

அன்றுதான் அக்கா கேட்டாள். வாயில் வந்துவிட்டது அவளுக்கு.

"அப்ப எதத்தான் வாங்கட்டும்? நீங்களே ஒரு வாட்டி கடைக்கு வந்து இதான்னு காட்டுங்களேன்."

"நான் எதுக்கு? நான் உன்ன ஏதாவது சொன்னனா? ருசி எப்பிடி இருக்குன்னு கேட்ட, சொன்னேன். வாங்கறதும் வாங்காததும் உன் இஷ்டம்."

கொல்லையில் புகை. கோழி வாடை மதிலைத் தாண்டியதும் பக்கத்து வீட்டு ஜன்னல் படாரென்று சாத்திக்கொள்ளும். அந்தச் சத்தத்துக்கும் அக்கா திடுக்கிடுவாள். யார் வீட்டு ஜன்னல் சாத்தினாலும் அது அவளுடைய தவறுதான் என்று அவளுக்குள் யாரோ எழுதி வைத்துவிட்டார்கள்.

நான் விடவில்லை. எனக்கு அப்போது பத்தொன்பது வயசு, உலகத்தில் எல்லாக் கேள்விக்கும் ஒரு சரியான பாட்டில் உண்டு என்று நம்புகிற வயசு. செங்கம் ரோட்டில் வெள்ளைக்காரர்கள் வந்து போகிற கடை ஒன்று இருந்தது. ஊருக்குத் திரும்புகிறவர்கள் மீந்த சாமான்களைப் போட்டுவிட்டுப் போவார்கள். அங்கே, சோப்புக்கும் ஓட்ஸ் டப்பாவுக்கும் நடுவில் கண்டுபிடித்தேன். மூடி உடைக்காத பாட்டில். மேலே படம்: நெருப்பு, கம்பி, கம்பியின்மேல் கோழி. கல்லூரி ஆங்கிலத்தை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். சுட்ட கறிக்கென்றே செய்தது.

அதன் ருசி எனக்கு இன்னும் இருக்கிறது. முதலில் வெல்லப் பாகு மாதிரி நாக்கில் படுத்தது. பிறகு புளித்தது. கடைசியில், எங்கள் ஊரில் அறுவடை முடிந்த கொல்லையில் மல்லாட்டைக் கொடியைக் கொளுத்துவார்களே, அந்தப் புகை மூக்குக்குள் ஏறியது.

மாமா தொட்டார். நாக்கில் வைத்தார். இம்முறை மலையைப் பார்க்கவில்லை. கண் மூடிக்கொண்டது.

"இதான்" என்றார். "இதான் அது."

அக்கா என் கையைப் பிடித்து நசுக்கினாள். அவள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆறு வருஷம். மாமா துண்டைக் கடித்தார், மென்றார், விழுங்கினார். எலும்பைத் தட்டின் ஓரத்தில் நேராக வைத்தார்.

"சாஸு சரியா இருக்கு. கோழிதான் முத்தல். யாரு பாத்து வாங்கினது?"

யார் வாங்கியது என்று அவருக்குத் தெரியும். அதிகாலையில் சந்தைக்குப் போய், காலைப் பிடித்துப் பார்த்து, மார்பை அழுத்திப் பார்த்து அக்கா வாங்கி வந்ததை அவர் திண்டில் சாய்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா என் கையை விட்டுவிட்டாள். அந்தப் பாட்டில் காலியானதும் நான் மறுபடி செங்கம் ரோட்டுக்குப் போகவில்லை.

அதன் பிறகு அவளைக் கவனிக்க ஆரம்பித்தேன். கத்தரிக்காய்க் குவியல் இரண்டு இருந்தால் நடுவில் நின்றுவிடுவாள். "எதுடீ?" என்று என்னைக் கேட்பாள். ரவிக்கைத் துணிக்குக் கேட்பாள். தன் சின்னப் பிள்ளைக்கு எந்தச் சட்டை என்று கேட்பாள். ஒருநாள் ரசத்துக்குப் புளி ஊற வைத்துவிட்டு, "போதுமா, இன்னும் கொஞ்சமா?" என்று கேட்டாள். எங்கள் நிலத்தில் மல்லாட்டைச் செடியைப் பிடுங்கி, ஒரு காயை உடைத்து, ஓட்டின் உள்பக்கத்தைப் பார்த்து, "இன்னும் நாலு நாள் போவட்டும்பா" என்று பதினாறு வயதில் சொன்னவள். அப்பா அவள் சொன்ன நாளில்தான் ஆள் விடுவார். ஒரு வருஷமும் தப்பியதில்லை.

ஒரே ஒருமுறை அவர்மேல் எனக்கு இரக்கம் வந்தது. கல்லூரி விட்டு வரும்போது தேரடி வீதிக் கடையில் அவர் நிற்பதைப் பார்த்தேன். தனியாக. அவர் கண்ணில் படாமல் எதிர்ப்புறப் பூக்கடை ஓரம் ஒதுங்கினேன். கடைக்காரர் மூன்று பாட்டில்களை வரிசையாக வைத்திருந்தார்.

"இதுவா சார்? இதுவா? எது வேணுமோ சொல்லுங்க."

மாமா கை நீட்டவில்லை. ஒவ்வொன்றாகப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்தார், கழுத்தைத் துடைத்தார், மறுபடி துடைத்தார். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. மார்கழி வெயில், வியர்க்கிற வெயிலே இல்லை.

"வீட்ல கேட்டுட்டு வரேன்."

சொல்லிவிட்டு வேகமாக நடந்தார். ஒரு பாட்டிலைச் சுட்டிக்காட்ட முடியாத ஒரு மனிதர். தவறிப்போனால் தன்மேல் விழுமே என்கிற பயம் அந்த முதுகில் ஈரமாகத் தெரிந்தது. அன்று இரக்கப்பட்டேன். பிறகு யோசித்துப் பார்த்தேன். பயப்படுகிறவர் தன் பயத்தை எடுத்துப் பெண்டாட்டி தலையில் வைத்துவிட்டுத் தான் காற்றோட்டமாக நடந்து போகிறார். இதில் இரக்கப்பட என்ன இருக்கிறது?

அடுத்த வருஷம் பள்ளிக்கூடங்களில் சத்துணவு வந்தது. சமைக்கவும் பார்த்துக்கொள்ளவும் பெண்களை எடுத்தார்கள். அமைப்பாளர் வேலைக்கு அக்காவின் படிப்பு போதும். விண்ணப்பத்தை நான்தான் எழுதினேன். கையெழுத்துப் போடும் முன் அவரிடம் கேட்டாள்.

"உன் இஷ்டம்."

உத்தரவு கார்த்திகையில் வந்தது. அடி அண்ணாமலைப் பள்ளிக்கூடம். மலையைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸில் போனால் கொஞ்ச நேரம்தான். தீபத் திருவிழாவுக்குக் கொடியேறியிருந்த நாட்கள். கொடியேறினால் தீபம் முடியும்வரை எங்கள் ஊரில் எந்த வீட்டிலும் கவிச்சி கிடையாது. கோழி இல்லை, கரி இல்லை, சாஸ் இல்லை. அந்தப் பத்து நாளும் அக்கா முகம் வருஷா வருஷம் தெளிந்துவிடும். அந்தத் தெளிவில் உத்தரவைப் படித்தாள். மடித்து வைத்தாள், மறுபடி பிரித்துப் படித்தாள்.

"எறநூறு பசங்களாம்டி. அளந்து போடணுமாம். எனக்கு வரும்ல?"

"உனக்கு வராம?"

"பருப்பு நல்லதா கெட்டதான்னு நான்தான் பாத்து வாங்கிக்கணுமாம்." அதைச் சொல்லும்போது அவள் தாடை கொஞ்சம் நிமிர்ந்தது. கீழ்பென்னாத்தூர் அக்கா எட்டிப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமைக்குள் சேர வேண்டும். தீபம் முடிந்து மூன்றாம் நாள் வெள்ளி. மலை உச்சியில் கொப்பரைத் தீபம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. காலையில் பார்த்தால் வெளிறிய ஒரு புகை மட்டும். அக்கா கஞ்சி போட்ட புடவை கட்டி, பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வாசலில் நின்றாள். மாமா செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

"நான் போவட்டுங்களா?"

"இதென்ன புதுசா? உன் இஷ்டம்னு சொல்லிட்டேனே."

"உங்களுக்குக் கோபம் இல்லியே?"

"எனக்கு எதுக்குக் கோபம்? கொழந்தை இருக்கு, சளி விட்டபாடில்ல. வீடு இருக்கு. அதெல்லாம் என்னை விட உனக்குத்தான் தெரியும். யோசிச்சு நீயே செய்."

செருப்பு வாரைச் சரி செய்தார். கைக்குட்டையை உதறி மடித்தார். போய்விட்டார்.

அக்கா படியில் உட்கார்ந்துவிட்டாள். கஞ்சி மடிப்பு நசுங்கியது.

"கெளம்புக்கா."

"இனிமே பால் பொங்கி ஊத்தினாக்கூட நான் வேலைக்குப் போனதாலன்னு ஆவும்."

"ஆவட்டும்."

"கொழந்தைக்கு ஒண்ணுன்னா?"

இழுத்துக்கொண்டுதான் போனேன். பஸ் நிறுத்தத்தில் கூட்டம், திருவிழாவுக்கு வந்தவர்கள் இன்னும் ஊரை விட்டுப் போகவில்லை. ஒரு பஸ் வந்தது. அக்கா ஏறவில்லை. கூட்டமாக இருக்கிறது என்றாள். இரண்டாவது காலியாக வந்தது. நடத்துநர் எட்டிப் பார்த்து, "அடி அண்ணாமலை, அடி அண்ணாமலை, ஏறும்மா" என்றார். அக்கா என் பக்கம் திரும்பினாள். உத்தரவுக் காகிதம் அவள் கையில் ஈரமாகியிருந்தது.

"நீ சொல்லுடி. நீ போன்னா நான் போறேன்."

ஒரே ஒரு சொல்தான் கேட்டாள். ஒரே எழுத்து. வாயைத் திறந்தேன். திறந்த கணத்தில் எனக்கு அந்த வீட்டில் இன்னும் ஒரு வருஷம் மிச்சமிருப்பது ஞாபகம் வந்தது. நாளைக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால், "உன் தங்கச்சி பேச்சக் கேட்டுத்தானே போன" என்பார். குரலை உயர்த்தாமல் சொல்லுவார். அப்பாவுக்கு ஒரு கடிதம் போகும், அதுவும் மரியாதையாகத்தான் இருக்கும். பிறகு மல்லாட்டைக் கொல்லை. எனக்கு என் படிப்பு வேண்டியிருந்தது.

"உனக்கு என்ன தோணுதோ அதைச் செய்க்கா."

அக்கா என்னைப் பார்த்தாள். கோபமே இல்லை. தெரிந்த ஒருவரைக் கூட்டத்தில் பார்த்தது மாதிரி, ஓ, நீயுமா என்பது மாதிரி ஒரு பார்வை. நடத்துநர் விசில் அடித்தார். பஸ் மலையைச் சுற்றிக்கொண்டு போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை கவிச்சி திரும்ப வந்தது. வேலூரிலிருந்து மாமாவின் ஆபீஸ் நண்பரும் அவர் மனைவியும் தீபம் பார்க்க வந்து தங்கியிருந்தார்கள். கொல்லையில் கம்பித் தட்டு. அக்கா தேரடி வீதிக் கடைக்குப் போய், கடைக்காரர் எதைக் கொடுத்தாரோ அதை வாங்கி வந்திருந்தாள். அது தக்காளியா மிளகாயா என்றுகூட அவள் பார்க்கவில்லை. நண்பர் ஒரு தொடையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"ஏம்பா, வீட்ல வேலை வந்துச்சுன்னு ஆபீஸ்ல பேசிக்கினாங்களே?"

"ஆமா சார். வந்துச்சு." மாமா விரல்களைக் கைக்குட்டையில் ஒவ்வொன்றாகத் துடைத்தார். "நான் தடுக்கவே இல்ல. போறதுன்னா போ, உன் இஷ்டம்னுதான் சொன்னேன். அவளே வேணாம்னுட்டா."

அந்தப் பேச்சில் ஒரு பொய்யாவது இருக்குமா என்று நான் தேடினேன். முப்பத்தைந்து வருஷத்துக்கும் மேலாக, இப்போது வரைக்கும், வார்த்தை வார்த்தையாகப் பிரித்துத் தேடிக்கொண்டிருக்கிறேன். இல்லை.

நண்பரின் மனைவி அக்கா பக்கம் திரும்பினாள்.

"ஏம்மா, போன்னு சொல்ற புருஷன் யாருக்குக் கெடைப்பான்? வந்த வேலைய ஏன் விட்ட?"

அக்கா சாஸ் கிண்ணத்தை அந்த அம்மாள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். முந்தானையால் நெற்றியைத் துடைத்தாள்.

"எனக்கே வேணாம்னு தோணுச்சுங்க."

"பாத்தீங்களா?" என்றார் மாமா.

நான் அடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து கரியை விசிறிக்கொண்டிருந்தேன். விசிறுவதை நிறுத்தவில்லை.